முடிச்சை நீங்க நகர்த்தாதீங்க!

மொபைல்னா இங்க போன் இல்ல. நூல்ல தொங்கிக்கிட்டு, லேசான காத்துக்கே மெதுவா சுத்துற சிற்பம். அமெரிக்கக் கலைஞர் அலெக்சாண்டர் கால்டர் செஞ்ச அசையும் சிற்பங்களுக்கு இந்தப் பேரை 1931-ல வச்சவர் மார்செல் டூஷாம்ப். கால்டர் 1919-ல ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவர். ஒரு வகையில நமக்கு சீனியர்!

என்.எஸ்.எஸ். மூலமா ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைங்களுக்கு ஓவிய வகுப்பு எடுக்கப் போறீங்களா? இதைச் செய்யலாம். தேவையானது: 30 செ.மீ. நீளத்துல உறுதியான ஈர்க்குச்சிகள், நூல், பசை, கத்தரிக்கோல், கெட்டியான பழைய கல்யாணப் பத்திரிகைகள். தராசு வேண்டாம். பத்திரிகையை 10 செ.மீ. சதுரங்களா வெட்டிக்கிட்டா, சதுரத்தை எண்ணினாலே எடை தெரிஞ்சிடும்.

எப்பவும் கீழிருந்து மேல கட்டணும். முதல் குச்சியோட ஒரு முனையில ஒரு சதுரம், மறுமுனையில ரெண்டு சதுரம் ஒட்டினது. நடுவுல நூலைக் கட்டித் தூக்கினா, கனமான பக்கம் சாயும். இந்த இடத்துலதான் நம்ம கை பரபரக்கும். தொடாதீங்க! "முடிச்சை எந்தப் பக்கம் நகர்த்தலாம்?"னு மட்டும் கேளுங்க. சீசாவுல குண்டுப் பையன் நடுவுக்குக் கிட்ட உட்காருவான்ல, அதை யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. முடிச்சு, சாயுற பக்கமாத்தான் போகணும்.

குச்சி நேரா நின்னதும் ஸ்கேல் வச்சு அளக்கச் சொல்லுங்க. கனமான பக்கம் கிட்டத்தட்ட 10, லேசான பக்கம் 20. 2×10, 1×20. ஃபார்முலா இப்ப வரட்டும், முன்னாடி வேண்டாம். குச்சிக்கும் எடை இருக்கிறதால, முடிச்சு நடுவை நோக்கிக் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும். அது ஏன்னு கேட்கிற பிள்ளையைப் பாராட்டுங்க.

அடுத்து, இந்த மொத்த அமைப்பையும் ரெண்டாவது குச்சியோட ஒரு முனையில தொங்கவிடுங்க. மறுமுனையில ஒரு சதுரம். இப்ப 3-க்கு 1. முடிச்சு கனமான முனையிலிருந்து சுமார் 7.5 செ.மீ. தள்ளி வரும். கீழ்க்குச்சி சுத்தும்போது எதுலயும் இடிக்காத அளவுக்கு நூலை நீளமா விடுங்க.

கடைசியா, சதுரங்களை மீன், இலை, பட்டம்னு அவங்க இஷ்டத்துக்கு வெட்டட்டும். எடை மாறும், எல்லாம் சாயும். திரும்பவும் கீழ்க்குச்சியிலிருந்து சரிபண்ணணும். முகம் வாடினாலும் நீங்க புகுந்து சரிபண்ணிக் கொடுக்காதீங்க. அவங்களா சரிபண்றதுதான் பாடமே.

மொமென்ட்னா நமக்கு 13 மார்க் கேள்வி. 'எனக்குக் கணக்கு வராது'ன்னு ஏழாவதுலயே முடிவு பண்ணிட்ட ஒரு பொண்ணுக்கு, அது தன் விரல் நுனியில கண்டுபிடிச்ச விஷயமா இருக்கும். அந்தச் சந்தோஷத்தை அவகிட்டேயிருந்து பறிக்காம இருந்தாலே போதும்.