சங்கிலியின் அளவு

மேட்டில் களைப்பின்றி ஏறவும் சமவெளியில் விரைந்து செல்லவும் துணைபுரிவது கியர் பொருந்திய மிதிவண்டி. இதன் பின்புறத்தில் சிறியனவும் பெரியனவுமாகப் பற்சக்கரங்கள் பல உள. முன்புறத்திலும் சில வண்டிகளில் இரண்டோ மூன்றோ இருக்கும். வேண்டிய சக்கரத்தின்மேல் சங்கிலியை நகர்த்துவது சங்கிலி மாற்றி என்னும் கருவி. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் 1937ஆம் ஆண்டிலேதான் இக்கருவிக்கு இசைவு கிடைத்தது. இத்தகைய வண்டிகளில் ஓடும் உருளைச் சங்கிலியையோ ஆன்சு ரெனால்டு என்பார் மான்செஸ்டர் நகரில் 1880ஆம் ஆண்டிலேயே உருவாக்கிவிட்டார்.

இச்சங்கிலி எவ்வளவு நீளம் இருத்தல் வேண்டும்? நீளம் குறைந்தால், முன்னும் பின்னும் பெரிய சக்கரங்களில் ஏறும்போது அது விறைத்து இழுபடும். சங்கிலி மாற்றி முறிந்து சக்கரத்திற் சிக்கலாம். ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம். நீளம் மிகுந்தாலோ, சிறிய சக்கரங்களில் ஓடும்போது தொய்ந்து கழன்றுவிடும். ஆதலின் அளவறிதல் உயிர்காக்கும் செயலாகும்.

சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் அரை அங்குல நீளமுடையது. அகலக் கண்ணியும் குறுகிய கண்ணியும் மாறிமாறி அமைந்திருத்தலின், இரு முனைகளும் இணைய வேண்டுமாயின் கண்ணிகளின் தொகை இரட்டைப்படையாதல் வேண்டும். அஃதாவது, நீளம் முழு அங்குலமாக இருக்கும்.

மிதிகட்டை அச்சின் நடுவிலிருந்து பின்சக்கர அச்சின் நடுவரை உள்ள தொலைவு 17 அங்குலம் என்க. சங்கிலி மேலும் கீழும் செல்வதால் இதன் இருமடங்கு 34 அங்குலம். முன்புறப் பெரிய சக்கரத்திற்குப் பற்கள் 48. சங்கிலி அவற்றுள் ஏறத்தாழப் பாதியைத் தழுவும். 24 பற்களுக்கு, பல்லொன்றுக்கு அரை அங்குலமாக, 12 அங்குலம். பின்புறப் பெரிய சக்கரத்திற்குப் பற்கள் 28 எனின், அவ்வாறே 7 அங்குலம். சங்கிலி மாற்றியின் வழியே வளைந்து செல்வதற்கு மேலும் 1 அங்குலம். கூட்டினால் 54 அங்குலம். அதாவது 108 கண்ணிகள். விடை பின்னமாக வரின் அடுத்த முழு எண்ணைக் கொள்ளுதல் வேண்டும்.

பழைய சங்கிலியை அருகில் நீட்டி வைத்துப் புதியதை அறுப்பாரும் உளர். அது தவறு. ஓடி ஓடித் தேய்ந்த சங்கிலி நீண்டிருக்கும். அதன் அளவு சரியாக இருந்ததாயின், கண்ணிகளை எண்ணி அத்தொகையையே புதியதற்கும் கொள்ளலாம். எண்ணிய பின்னரே அறுத்தல் வேண்டும். அறுத்த பின்னர் எண்ணுதலாற் பயன் யாது?