இறங்கி ஏறும் மலை

மலையேறச் செல்வோன் ஒருவன் பாதிவழியில் களைத்துப் போனால் என் செய்வான்? திரும்பி விடுவான். திரும்பும் வழி இறக்கமாதலின் தளர்ந்த கால்களுக்கும் அஃது இயலும். மலை, தன்னை நாடி வருவோனைத் தொடக்கத்திலேயே சோதித்து, வலியற்றவனை அடிவாரத்தை விட்டு அதிகம் விலகவிடாமல் திருப்பி அனுப்பி விடுகிறது. ஆனால் இம்முறை முற்றும் தலைகீழாக அமைந்த நிலம் ஒன்று உண்டு. அங்கே மலை, நிலத்திற்கு மேல் எழவில்லை, நிலத்திற்குள் குடையப்பட்டுள்ளது. நடப்போன் காலைக் குளிரில், புத்துணர்வோடு, இறக்கத்தில் தன் பயணத்தைத் தொடங்குகிறான். களைப்பும் உச்சிவெயிலும் அவனை வந்தடையும்போது அவன் பள்ளத்தின் அடியில் நிற்கிறான். ஏற்றம் முழுவதும் இனிமேல்தான்.

வட அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா, யூட்டா முதலிய மாநிலங்களில் பரந்து கிடக்கும் கொலராடோ மேட்டுநிலமே நாம் கூறும் நிலம். கிராண்ட் கேன்யன், சையன், பிரைஸ் கேன்யன் முதலிய தேசியப் பூங்காக்கள் அங்கே ஒன்றற்கொன்று சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளன. பாலை எனின் மணற்குன்றுகளையே எண்ணுவது நம் வழக்கம். இதுவோ பாறைப் பாலை. 'கேன்யன்' என்பதைப் பள்ளத்தாக்கு என்று பெயர்த்தால் பொருள் முழுமையாக அமையாது. பள்ளத்தாக்கு என்றதும் இரு மலைகளுக்கிடையே விரிந்த பசுமையும் ஊரும் வயலும் நம் கண்முன் தோன்றும். கேன்யன் என்பது ஆறு ஒன்று பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கியதால் உண்டான, சுவர்போல் செங்குத்தான கரைகளையுடைய ஆழ்பிளவு.

இப்பூங்காக்களைக் காண்பதற்கெனச் சிறு குழுவினராய்ச் சேர்ந்து, வழிகாட்டி ஒருவருடன் ஒரு வாரம் நடந்து வரும் விடுமுறைப் பயணங்கள் அங்கே பெருவழக்காக உள்ளன. கேட்பவர்க்கு ஓர் ஐயம் எழும். பாதைகள் செம்மையாக வெட்டப்பட்டுள்ளன. கிளைவழிகள் தோறும் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. வரைபடம் கடைகளில் கிடைக்கிறது. வழி தெரிந்த இடத்தில் வழிகாட்டி எதற்கு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்நிலத்தை அறிந்துகொள்வோம். கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமுடையது. அகன்ற இடத்தில் 29 கிலோமீட்டர் அகலம். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். கொலராடோ ஆறு ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் ஆண்டுகளில் இதனை அறுத்தது என்பது பெரும்பாலான நிலவியலார் கருத்து. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து வந்தது. ஆறோ மணலையும் கல்லையும் சுமந்துகொண்டு அரம்போல் அறுத்து வந்தது. விளிம்பில் நாம் மிதிக்கும் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுப் பழமையுடையது. அடியில் ஆற்றங்கரையில் கிடக்கும் கரும்பாறையோ 170 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இடையில் உள்ள படிவுகள் எல்லாம் முறையாக அடுக்கப்பட்டுள்ளன என்று எண்ண வேண்டா. சில இடங்களில் அடுத்தடுத்துள்ள இரு படிவுகளுக்கிடையே நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் அடையாளமின்றி அழிந்து போயிருக்கிறது. நடு ஏடுகள் செல்லரித்துப் போன சுவடியைக் கையில் எடுத்தவர்க்கு இந்நிலை நன்கு விளங்கும்.

விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதைகளுள் புகழ்பெற்றது 'பிரைட் ஏஞ்சல்' பாதை. ஏறத்தாழ 1,340 மீட்டர் இறக்கம். தென்விளிம்பு கடல்மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சூலைத் திங்களிலும் அங்கே பகல் வெப்பம் 29 பாகை செல்சியசு அளவே இருக்கும். ஊசியிலை மரங்களின் நிழலும் காற்றும் மனத்தை மயக்கும். அதே வேளையில் பள்ளத்தின் அடியில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும். இறங்க இறங்க வெப்பம் ஏறுகிறது. நண்பகலில் இருபுறச் சுவர்களும் வெயிலை வாங்கி அடுப்புக்கல்போல் உமிழ்கின்றன. காற்று மிகவும் வறண்டதாகையால் வியர்வை தோலில் தோன்றுமுன்னரே ஆவியாகி விடும். தன் உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதை நடப்பவன் உணர்வதே இல்லை. ஆற்றிலிருந்து விளிம்பிற்கு ஏற, இறங்கிய நேரத்தைப்போல் இரு மடங்கு வேண்டும் என்பது அங்கே பொதுக் கணக்கு. ஆகவேதான் கோடையில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே உட்பள்ளத்தில் நடக்க வேண்டா எனப் பூங்கா நிருவாகம் அறிவுறுத்துகிறது. நல்ல வழிகாட்டி விடியற்காலை இருளிலேயே குழுவை எழுப்பி விடுவார். நண்பகலில் நிழலில் அமர்த்துவார். ஓடை கண்ட இடத்தில் சட்டையையும் தொப்பியையும் நனைத்து அணியச் செய்வார்.

இனி, நீர் பற்றிய ஒரு செய்தி. பாலைக்குச் செல்வோர்க்கு நீர் அருந்துக, நீர் அருந்துக என்றே எல்லாரும் கூறுவர். அவ்வறிவுரையும் ஓரளவிற்குத்தான் பொருந்தும். வியர்வையோடு உப்பும் வெளியேறி விடுகிறது. உப்பின்றி வெறும் நீரையே மேன்மேலும் குடித்தால் குருதியில் உப்பின் செறிவு குறைந்து, தலைவலி, குமட்டல், அறிவுக்குழப்பம் தோன்றி, கடுமையானால் வலிப்பும் இறப்பும் நேரும். வெப்பத்தளர்ச்சியின் அறிகுறிகளும் பெரும்பாலும் இவையே! ஒருவனுக்கு நீர் கொடுக்க வேண்டும். மற்றவனுக்கு நீரை நிறுத்தி உப்புணவு கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே முகத்தோடு பாதையோரம் அமர்ந்திருப்பர். காலையிலிருந்து யார் எவ்வளவு குடித்தார், என்ன உண்டார் என்று உடன் நடந்து கண்டவரே வேறுபாட்டை அறிய முடியும். வழிகாட்டியின் பையில் உப்பிட்ட கடலையும் பிசுக்கோத்தும் நிறைந்திருப்பது சுவைக்காக அன்று.

1996ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பத்தால் கிராண்ட் கேன்யனில் உயிரிழப்புகள் நேர்ந்தன. அதன் பின்னர், 1997இல், பூங்கா நிருவாகம் ஒரு புதிய முறையை மேற்கொண்டது. விபத்து நேர்ந்தபின் மீட்கச் செல்வதினும், நேருமுன் தடுப்பதே மேல் எனக் கருதி, காவலரையும் தன்னார்வலரையும் பாதையின் மேற்பகுதியிலேயே நிறுத்தினர். எங்கே செல்கிறீர்கள், எவ்வளவு நீர் வைத்திருக்கிறீர்கள், உண்ண என்ன இருக்கிறது என்று இறங்குவோரை இவர்கள் நயமாக வினவுவர். திட்டம் பொருந்தாததாயின், தொலைவைக் குறைத்துக்கொண்டு திரும்புமாறு கூறுவர். ஆயிரக்கணக்கான ரூபாய் செலவிட்டு, விடுமுறை எடுத்து, கடல் கடந்து வந்த ஒருவரைப் பாதியில் திரும்புமாறு இசைவிப்பது எளிதன்று. வழி காட்டுவதினும் திரும்ப வைப்பதே இத்தொழிலின் கடினமான பகுதி என்று தோன்றுகிறது.

கிராண்ட் கேன்யனில் நீரின்மை அச்சம் தருமாயின், சையன் பூங்காவில் நீரே அச்சம் தருகிறது. விர்ஜின் என்னும் ஆறு அறுத்த இப்பள்ளத்தின் சுவர்கள் நவஹோ மணற்கல்லால் ஆனவை; சில இடங்களில் 600 மீட்டர் உயரம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே உண்மையான மணற்பாலை இருந்தது. அதன் குன்றுகளே இறுகிக் கல்லாயின. அன்று வீசிய காற்று மணலைச் சாய்வாக வரைந்த வரிகள் இன்றும் பாறைமுகத்தில் தெரிகின்றன. 'நேரோஸ்' எனப்படும் இடுக்கில் ஆறே பாதை. முழங்கால் நீரில், சில வேளை மார்பளவு நீரில், கைத்தடி ஊன்றிக்கொண்டு நடக்க வேண்டும். இருபுறமும் வானளாவிய சுவர். நடுவே குறுகிய இடைவெளியே. அழகில் இதற்கு நிகரான நடை உலகில் அரிது என்பர்.

அங்கே திடீர் வெள்ளம் வரும் முறையை அறிதல் வேண்டும். மழைநீரை உறிஞ்சப் பாறைக்கு இயலாது. விழுந்த துளி அனைத்தும் சரிந்து இடுக்கை நோக்கி ஓடும். சூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை வழக்கம். மழை பல கிலோமீட்டர் தொலைவில் பெய்யும். இடுக்கில் நிற்பவன் தலைக்குமேல் நீலவானையே காண்பான். நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை அறிகுறிகள். அவற்றைக் கண்டபின் உயர்ந்த இடம் நோக்கி ஏறச் சில நிமிடங்களே கிடைக்கும். ஏறிடம் இல்லாத இடுக்காயின் அதுவும் பயனில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று சையனில் கீஹோல் என்னும் இடுக்கில் சென்ற எழுவர் கொண்ட குழு முழுவதும் மாண்டது. வெள்ளம் வரக்கூடும் என்னும் எச்சரிக்கை அன்று காலை அவர்கட்குக் கூறப்பட்டிருந்தது.

வழிகாட்டி உடன் இருந்தால் போதும் என்று கூறவும் இயலவில்லை. அரிசோனாவில் நவஹோ மக்களின் நிலத்தில் ஆண்டிலோப் கேன்யன் என்றொரு குறுகிய இடுக்கு உண்டு. 1997 ஆகஸ்டு 12 அன்று தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் அதனுள் பாய்ந்து, பயணியர் பதினொருவரைக் கொண்டு சென்றது. உடன் சென்ற வழிகாட்டி ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். அதன் பின்னர் அவ்விடத்தில் இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்டன. வானிலை எச்சரிக்கை முறைகள் ஏற்பட்டன. வழிகாட்டி என்னும் பெயர் யாரையும் காப்பதில்லை. தொலைவில் உள்ள வானத்தையும் கணக்கில் கொண்டு, அன்று இடுக்கிற்குள் போவதில்லை எனக் கூறும் துணிவு அவருக்கு இருந்தால்தான் காக்கும்.

பிரைஸ் கேன்யன் பற்றி ஓரிரு சொற்கள் போதும். உண்மையில் அது ஆறு அறுத்த பள்ளமே அன்று. ஆண்டில் ஏறத்தாழ இருநூறு நாள்கள் பகலில் உருகி இரவில் உறையும் நீர், பாறைப் பிளவுகளை ஆப்புப்போல் பிளந்து செதுக்கிய செந்நிறத் தூண்களின் காடு அது. தெய்வத்தின் சினத்தால் கல்லாக்கப்பட்ட மாந்தர் அவர் என்பது அப்பகுதியின் பைய்யூட் மக்கள் வழிவழியாகக் கூறும் கதை.

கண் இவ்விடங்களில் ஏமாற்றும் என்பதற்குப் பழஞ்சான்று ஒன்று உண்டு. 1540ஆம் ஆண்டில் ஸ்பானியப் படைப்பிரிவு ஒன்று ஹோப்பி மக்கள் வழிகாட்ட, கிராண்ட் கேன்யனின் விளிம்பை அடைந்தது. ஐரோப்பியர் அதனைக் கண்டது அதுவே முதன்முறை. கீழே தெரிந்த ஆறு ஓராள் நீள அகலமே உடையது என அவர்கள் கருதினர். மூன்று நாள் இறங்கும் வழி தேடினர். உடல் இலேசான மூவர் இறங்க முயன்று, மூன்றில் ஒரு பங்கு ஆழம் சென்று, மாலையில் திரும்பி வந்தனர். மேலிருந்து ஆளுயரமாய்த் தோன்றிய பாறைகள், செவில் நகரப் பேராலயக் கோபுரத்தினும் உயர்ந்தவை என்று அவர்கள் கூறியதாக அப்பயணத்தின் குறிப்பு சொல்கிறது. ஒன்றை ஈண்டுக் குறிப்பிடத் தோன்றுகிறது. ஹிரால்டா எனப்படும் அக்கோபுரம், பேராலயத்தின் மணிக்கூண்டாவதற்கு முன், 12ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிதுகள் ஆட்சியில் பள்ளிவாசலின் மினாராவாகக் கட்டப்பட்டது. அமெரிக்கப் பாலையின் ஆழத்தை அளக்க ஸ்பானிய வீரர்க்குக் கிடைத்த அளவுகோல், அந்தலூசிய முஸ்லிம்கள் எழுப்பிய மினாரா!

ஹோப்பி மக்கள் பள்ளத்தின் அடியிலிருந்து உப்புக் கொண்டுவரும் வழக்கமுடையவர். இறங்கும் வழி அவர்கட்கு நன்கு தெரியும். அந்நியர்க்குக் காட்டாது விட்டனர் என்றே வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அவர்கள் ஏன் காட்டவில்லை என்பது பின்னர் நிகழ்ந்தவற்றைக் காண விளங்கும்.

இன்று பல்லாயிரவர் நடக்கும் பிரைட் ஏஞ்சல் பாதை, ஹவசுபாய் என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக நடந்து வகுத்த வழி. விளிம்பிலிருந்து ஏழு கிலோமீட்டர் இறங்கினால், வறண்ட பாறைகளுக்கிடையே ஊற்று ஒன்றும் அதனைச் சூழ்ந்த மரச்சோலையும் தோன்றும். அங்கே அவர்கள் சோளமும் அவரையும் பயிரிட்டு வாழ்ந்தனர். 1919இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. நிலம் காக்கப்பட்டது; அதனைக் காத்து வாழ்ந்தோர்க்கு அதில் இடமில்லாது போயிற்று. 1928இல் அச்சோலையில் எஞ்சியிருந்த கடைசி ஹவசுபாய் குடியானவரும் வெளியேற்றப்பட்டார். பூங்காக்களின் சிறப்பைப் பேசும் நூல்கள் பல இதனை ஒரு வரியில் கடந்து விடுகின்றன, அது முறையன்று. நெடுங்காலப் போராட்டத்தின் பயனாக 1975இல், பழைய நிலப்பரப்பில் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் அவர்கட்கு மீண்டது. சோலை மீளவில்லை. அது நீண்ட காலம் 'இந்தியன் கார்டன்' என்றே வழங்கி வந்தது. அப்பெயரை மாற்றுமாறு அம்மக்கள் கேட்டுக்கொண்டதன்படி 2022 நவம்பரில் 'ஹவசுபாய் கார்டன்ஸ்' என்று பெயர் சூட்டப்பட்டது.

பகற்பயணியருடன் இறங்கும் வழிகாட்டி பெரும்பாலும் அச்சோலையைத் தாண்டிச் செல்வதில்லை. வெயில் கடுமையான நாள்களில் அதற்கும் மேலேயே நிறுத்தி விடுவார். குழுவினரை மரநிழலில் அமர்த்தி, குடுவைகளை நிரப்பச் செய்து, உப்பிட்ட கடலையைப் பகிர்ந்தளித்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். ஆறு இன்னும் கீழே இருக்கிறது. அதன் ஓசையைக் கேட்டு வர வேண்டும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அவர் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, வழிகாட்டி தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த பாதையை நோக்கி மேலே நடக்கத் தொடங்குவார்.