மூணு கொட்டை எடுத்துக் கொடு

நாகலூர்ப் பக்கம் பலாக்கொட்டைக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் அங்கன்வாடியில் கணக்கு முழுக்க அதை வைத்துத்தான். காபிக்கொட்டையும் மிளகும் இதைவிட எளிதாகக் கிடைக்கும். ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் மூக்குக்குள் போகிற எதையும் நான் கையில் கொடுப்பதில்லை. பருமனான பலாக்கொட்டை போகாது. அப்போதும் ஒரு கண் அங்கேதான் இருக்கும்.

இதில் சில அம்மாக்களுக்கு வருத்தம். “பாப்பா அம்பது வரைக்கும் சொல்லுது டீச்சர். இன்னும் எதுக்குக் கொட்டையை வச்சு விளையாட்டு? வேன்ல போற புள்ளைங்க எழுதவே ஆரம்பிச்சிடுச்சுங்க” என்பார்கள். நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பாப்பாவையே கூப்பிட்டு, “எனக்கு மூணு கொட்டை எடுத்துக் கொடு கண்ணு” என்பேன்.

ஐம்பது வரை சொன்ன பாப்பா ரெண்டு கையாலும் அள்ளி வந்து கொட்டும். “எண்ணிக் காட்டு” என்றால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை தப்பில்லாமல் எண்ணும். “அப்போ எத்தனை இருக்கு?” என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிடும்! கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பாட்டில் அடுத்த அடி தானாக வாயில் வருவதுபோல அடுத்த எண் வருகிறது, அவ்வளவுதான்.

உளவியலாளர் கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் செய்ததும் கிட்டத்தட்ட இதையே. பொம்மைகளைக் குவித்து வைத்து, இத்தனை கொடு என்று சின்னக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார். முதலில் ‘ஒன்று’ மட்டும் விளங்குகிறது. வேறு எது கேட்டாலும் ஒரு பிடி வரும். சில மாதம் போய் ‘இரண்டு’, இன்னும் சில மாதம் போய் ‘மூன்று’. பிறகு, பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில், எண்ணுவதன் சூட்சுமமே ஒருநாள் பிடிபட்டு, ஐந்தோ எட்டோ எது கேட்டாலும் எண்ணி எடுத்துத் தருகிறார்கள். வயது முன்னே பின்னே இருக்கலாம், வரிசை மாறுவதில்லை.

இதற்கு நல்ல நேரம் சாப்பாட்டு நேரம். தட்டு வைக்கிற வேலையை ஒரு குழந்தையிடம் விடுவோம். சின்னது ஒரு தட்டை எடுத்துப் போய் ஒருத்தர் முன்னால் வைக்கும், திரும்பி வரும், இன்னொன்றை எடுக்கும். சோறு ஆறுகிறதே என்று ஆயா முணுமுணுப்பார். நான் கண்டுகொள்வதில்லை. சில மாதம் கழித்து அதே குழந்தை உட்கார்ந்திருக்கிறவர்களை எண்ணிவிட்டு, அத்தனை தட்டையும் ஒரே நடையில் தூக்கி வரும். அன்றைக்கு ஆயாவுக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெறுமனே எண்ணிக் காட்டுவதைவிட, “இதோ மூணு தட்டு” என்று முதலில் சொல்லிவிட்டு, உடனே “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அதே தட்டுகளைத் தொட்டு எண்ணுவது நன்றாக வேலை செய்கிறது. சொன்ன எண்ணும் எண்ணி முடித்த இடமும் ஒன்றே என்று குழந்தை தானே பார்த்துக்கொள்ளும்.

நடுவில் ஒரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். ஐந்தைந்து கொட்டையாக ரெண்டு வரிசை வைத்து, ஒன்றை மட்டும் இழுத்து நீளமாக்கினால், “இதுலதான் நிறைய” என்று ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லும். மந்தமோ என்று பதற வேண்டாம். ழான் பியாஜே 1941-லேயே இதை எழுதிவிட்டார். ஆறு, ஏழு வயதில் தானாகச் சரியாகிவிடும்.

அங்கன்வாடி என்றாலே முட்டையும் சத்துமாவும்தான் என்று ஊரில் ஒரு நினைப்பு. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே அதன் 6 சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. எங்களிடம் அந்தக் கல்வி பாதி விளையாட்டாகவே நடந்துவிடும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில், அம்மாக்கள் விடியலிலேயே எஸ்டேட்டுக்குப் போய்விடுவதால், குழந்தைகள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். எடை போடும் இடத்தில் கேட்ட பேச்சு அப்படியே இங்கே வந்துவிடும். துண்டில் கொட்டையைக் கட்டித் தூக்கி, “இருபத்தெட்டு கிலோ, எழுதிக்கோ” என்று அதட்டுவார்கள்.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவருடைய கணக்குக் கருவிகளில் ஒன்று, 0 முதல் 9 வரை எண் போட்ட அறைகளும் 45 மரக்குச்சிகளும். ஒவ்வோர் அறையிலும் அந்த எண்ணுக்குரிய குச்சியைப் போட வேண்டும். சரியாகப் போட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது, குறையவும் குறையாது. தப்பு நடந்தால் குழந்தைக்கே தெரிந்துவிடும், டீச்சர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அது பத்து எவர்சில்வர் டம்ளரும் 45 பலாக்கொட்டையும்.

தகராறெல்லாம் 0 டம்ளரில்தான். காலியாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் யாராவது ஒரு கொட்டையைப் போட்டுவிடுவார்கள். கடைசியில் 9-க்கு ஒன்று குறையும். போன பறிப்புக் காலத்தில் ஒரு நாலு வயதுக்காரி அந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “இது சைபர், யாரும் போடக் கூடாது” என்று பக்கத்திலேயே காவலுக்கும் உட்கார்ந்துகொண்டாள். இப்போது எல்லோருமே அதைக் கவிழ்த்துத்தான் வைக்கிறார்கள்.