பல்லவ வீரன் கையில் இருந்தது வாளா, வில்லா? ஒரு பொம்மைப் போர் கேட்கும் கேள்வி

கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் ஊரின் பெயர் சதுரங்கப்பட்டினம். கொஞ்சம் வடக்கே போனால், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரம். சதுரங்கம் என்றாலே யானை, குதிரை, தேர், காலாள் என நான்கு உறுப்புள்ள படைதான். அதே போர்க்களத்தை இன்னும் விரிவாக மேஜைமேல் கொண்டுவருவது ‘மினியேச்சர் வார்கேமிங்’.

என்ன விளையாட்டு இது?

28 அல்லது 15 மில்லிமீட்டர் அளவில் குட்டிக் குட்டி வீரர் பொம்மைகள். பெயின்ட் அடித்து, அணிவகுத்து, ஸ்கேல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிட வேண்டும். எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கு விதிப் புத்தகம் போட்டுவிட்டார்.

விதிகளைக் கத்துக்கலாம். ஆராய்ச்சிதான் கஷ்டம். நாவலில் ‘கடல் போன்ற சேனை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பொம்மைக்கு பெயின்ட் அடிக்கணும்னா, கேடயம் வட்டமா, மார்பில் கவசம் உண்டா என்று முடிவு செய்தே ஆகணும்.

நம்ம ஊர்ப் போர் ஒன்று

7-ம் நூற்றாண்டில் தாம்பரத்தை அடுத்த மணிமங்கலத்தில், மாமல்லன் எனும் முதலாம் நரசிம்மவர்மனும் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியும் மோதினார்கள். பிறகு பல்லவப் படை வாதாபி வரை போய் நகரைப் பிடித்தது.

இதைச் சொல்வது, நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு. புலிகேசி தரப்பில் 634-ஐ ஒட்டிய ஐஹோளே கல்வெட்டு இருக்கிறது. அது, காஞ்சி மதிலுக்குப் பின்னால் பல்லவ மன்னனைப் பதுங்கவைத்த பெருமையைப் பேசுகிறது. இரண்டுமே அவரவர் வெற்றிப் பாட்டு. எத்தனை யானை, எத்தனை குதிரை என்ற கணக்கு இரண்டிலும் கிடையாது.

அப்போ எங்கே தேடுவது?

* சிற்பம்: மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகையில், துர்க்கையோடு வரும் பூதகணங்கள் ஆயுதம் ஏந்தியிருக்கின்றன. ஆனால் அது தெய்வங்களின் போர்.
* நடுகல்: செங்கம் வட்டாரக் கற்களில் பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டு இருப்பதால் காலம் தெரியும். வில்லும் வாளுமாக நிற்கும் அந்த வீரர்களில் பலர், ஆநிரைச் சண்டையில் இறந்த ஊர்க்காரர்கள். அரசனின் படையும் அப்படியே இருந்தது என்பது ஊகம்தான்.
* பயணி: சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங், புலிகேசி நாட்டில் போருக்கு முன் யானைகளுக்கு மது கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்.
* கோயில்: காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலில் போர்க்காட்சிகள் நிறைய. ஆனால் அது 8-ம் நூற்றாண்டுக் கோயில்.

இது நமக்கு மட்டுமான சிக்கல் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி பேரரசுப் படையை உருவாக்குபவர்களும், அல்-உமரி என்ற அரபு அறிஞர் 14-ம் நூற்றாண்டில் எழுதியதையும், ஜென்னே பகுதியில் கிடைத்த சுடுமண் குதிரைவீரர்களையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. படை 1 லட்சம், அதில் குதிரைப்படை 10,000 என்கிறார் அல்-உமரி. அவரோ மாலிக்கே போனதில்லை, கேட்டு எழுதியவர்.

இதில் என்ன இருக்கிறது?

ஆதாரம் இல்லாத இடத்தை சினிமா நிரப்பிவிடும். பளபளக்கும் இரும்புக் கவசத்தோடு ஒரு பல்லவ வீரனைப் பார்த்துப் பார்த்து, அதுதான் வரலாறு என்று மனசில் பதிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பொம்மைக்கும் ‘இது கல்லில் பார்த்தது, இது ஊகம்’ என்று பிரித்து எழுதி வைப்பது நல்ல பழக்கம். வரலாறு என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதே சோதனை பொருந்தும்.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால், அந்தப் பூதகணங்களின் கைகளைக் கவனிச்சுப் பாருங்க.