நானூறு மைலும் இருபது நாளும்

கொழும்பிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? நாட்டுப்படத்தில் அளந்தால் ஏறக்குறைய 400 மைல். அதாவது 645 கிலோமீற்றர். கட்டுநாயக்காவில் எழும் விமானம் நேர் வடக்கே பறந்து, ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸிற் செல்வோருக்கு அதனினும் இருமடங்கு நேரம் வேண்டும்.

முன்னாளில் இப்பயணம் நீண்டதாகவே இருந்தது. 1914இல் தொடங்கிய ‘போட் மெயில்’ சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வரும். அங்கே கப்பலேறி, 22 மைல் கடல் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதம் ஏறவேண்டும். கொழும்புக் கோட்டையில் இறங்குவதற்குள் இரண்டு இரவுகள் கழிந்துவிடும். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

அதற்கு முன்பே ஆகாயவழி திறந்திருந்தது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. வெள்ளவத்தையில் வாழ்ந்தோர்க்கு இரத்மலானை காலி வீதியிற் சில மைல்களே. யாழ்ப்பாணத்தாருக்கோ விமானம் தம் வாயிலுக்கே வந்ததுபோலாயிற்று.

பின்னர் போர் மூண்டது. பலாலி விமானத்தளம் இராணுவத்தின் வசமாயிற்று. சென்னைக்கு அருகிலுள்ள யாழ்ப்பாணத்தார், அங்கே செல்வதற்கு முதலில் எதிர்த்திசையிற் கொழும்புக்கு வரவேண்டியவராயினர்.

1994இல் என் சின்னம்மா அவ்வாறு வந்தார். சென்னையில் அவர் மகளுக்குத் தலைப்பிரசவம். இரவிலே கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்து, வவுனியாவிற் சோதனைகள் முடித்து, வெள்ளவத்தையில் எங்கள் வீடு வந்து சேர்ந்தார். பொலிஸ் பதிவு, விசா, பயணச்சீட்டு என இருபது நாட்கள் கழிந்தன. அவர் சென்னை சேர்ந்தபோது பேரனுக்கு வயது ஒன்பது நாள். பின்னர் தொலைபேசியிற் சொன்னார்: “ஏறி இருந்தது மட்டும்தான் தெரியும் தம்பி, அதுக்குள்ளை இறங்கச் சொல்லிப்போட்டினம்.”

கடிகாரமும் இத்தூரத்தோடு விளையாடியதுண்டு. மின்சாரச் சிக்கனம் கருதி 1996இல் இலங்கை நேரம் முன்தள்ளப்பட்டது. 2006 வரை அது இந்திய நேரத்துக்கு முந்தியே நின்றது. பெரும்பாலும் அரைமணி வேறுபாடு. ஆகவே கொழும்பிலிருந்து பத்து மணிக்கு எழுந்தவர் சென்னையில் பத்தே முக்காலுக்கு இறங்கினார். திரும்புகையில் அதே வழி ஒன்றே முக்கால் மணியாயிற்று!

2019 நவம்பரில் பலாலியிலிருந்து சென்னைக்கு மீண்டும் விமானம் பறந்தது. 2020இல் பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அவ்வழி சுமார் 355 கிலோமீற்றர்தான். சின்னம்மாவின் ஊர் சுன்னாகம். அங்கிருந்து பலாலிக்குச் சைக்கிளிலே போய்விடலாம். போர்க்காலத்திலும் அத்தூரம் அவ்வளவே; ஒரு சாணும் நீளவில்லை. நீண்டது வழிதான். அந்த ஒன்பது நாள் வேறுபாட்டை எந்த விமானமும் அவருக்கு மீட்டுத் தர இயலாது.