மலைமேல் ஒரு ராத்திரி: வேனை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

'கேரவன்' என்றால் நம்மூரில் ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி. ஆனால், அந்தப் பெயரைச் சொல்லாமலேயே பல வருஷமாக கேரவன் வாழ்க்கை வாழ்ந்து வருபவர்கள் மதுரைக்காரர்கள். நம்பிக்கை இல்லையென்றால், மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி விளாங்குடி பக்கம் ஏதாவது ஒரு தெருவில் நின்று பாருங்கள். வாடகை வேன் வந்து நிற்கும். புளியோதரைத் தூக்கு, தண்ணீர் கேன், ஜமுக்காளம், பாட்டியின் தலையணை, கூடவே ஒரு சின்ன காஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாக ஏறும். பதினாலு பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டு பேர். பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி, வத்தலக்குண்டு... விடிந்தால் கொடைக்கானல்.

சீசனில் ரூம் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். "எதுக்குப்பா ரூமு? வண்டியிலேயே படுத்துக்கலாம்" என்று பெரியப்பா சொல்வார். செலவு மிச்சம்தான். ஆனால், ராத்திரி அந்த வண்டி நிற்கப்போகும் இடம் எது என்று புறப்படும்போது யாரும் கேட்பதில்லை. ரோட்டோரம், டீக்கடை வாசல், ஏரிப் பக்கம் எங்காவது ஒரு சந்து. டிரைவருக்குத் தோன்றிய இடம்தான் அன்றைக்கு வீடு.

இதில் பாடு முழுக்கப் பெண்களுக்கு. மத்தியானத்துக்கு மேல் அம்மாவும் அத்தையும் தண்ணீர் பாட்டிலைத் தொடவே மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? தாகம் இல்லாமல் இல்லை. ராத்திரி பாத்ரூம் எங்கே என்று தெரியாததால்தான் அந்த நோன்பு. மறுநாள் காலையில் தலைவலி, வயிற்று எரிச்சல், வீட்டுக்கு வந்ததும் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை. 'கொடைக்கானல் குளிர் ஒத்துக்கலை' என்று பழி மலை மேல் போய்விடும்.

நிற்கும் வண்டியில் இருக்கும் ஆபத்து

மலைப்பாதை என்றால் எல்லோருக்கும் கொண்டை ஊசி வளைவு மேல்தான் பயம். வண்டி பத்திரமாக நின்ற பிறகு வரும் ஆபத்தை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் நடந்ததை மதுரை மறந்திருக்காது. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் ரயில் பெட்டி, மதுரை ஸ்டேஷன் அருகே தனியாகக் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே மறைத்துக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரை வைத்து அடுப்பு பற்றவைத்தபோது தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். தண்டவாளத்தில் நின்றாலும் அதுவும் ஒரு கேரவன்தான். வண்டியே வீடு, வண்டியே அடுப்படி.

அடுத்த வருஷம் டிசம்பரில் கேரளாவின் வடகரையில் நடந்தது இன்னும் அமைதியான சாவு. சவாரி முடித்துத் திரும்பும் வழியில் இரண்டு பேர் கேரவனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, ஜெனரேட்டரில் ஏசியை ஓடவிட்டுத் தூங்கினார்கள். எழுந்திருக்கவில்லை. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதித்துப் பார்த்தபோது, இரண்டே மணி நேரத்தில் அந்த வாயு 957 பி.பி.எம். அளவுக்கு ஏறியது. அதாவது, பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு. 400 இருந்தாலே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. இதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும். தூக்கம் வருகிறதே என்று ராத்திரியில் யார் சந்தேகப்படுவார்கள்? ஏசிக்காகவோ ஹீட்டருக்காகவோ இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினாலும் இதே ஆபத்து உண்டு. குளிருக்காக மூடிய வண்டிக்குள், மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பதும் அப்படித்தான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.

வடகரையில் அந்த வண்டி நின்ற இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்திருந்தால் ஜெனரேட்டருக்கே வேலை இருந்திருக்காது. கேரவன் பார்க் என்பதன் அருமை அங்கேதான் இருக்கிறது.

ஒரு பிளக், ஒரு குழாய், ஒரு கக்கூஸ்

பார்க் என்றதும் நீச்சல் குளமும் கலர் லைட்டும் நினைக்க வேண்டாம். வண்டி சாயாமல் நிற்கச் சமதளமாக ஒரு இடம். பக்கத்தில் கரன்ட் இழுத்துக்கொள்ள ஒரு கம்பம், தண்ணீர்க் குழாய், கழிவுநீரைக் கொட்ட ஒரு வாய், சுத்தமான குளியலறை, கழிப்பறை. ராத்திரி முழுக்க எரியும் ஒரு விளக்கு, விழித்திருக்கும் ஒரு வாட்ச்மேன். அவ்வளவுதான். அமெரிக்காவில் இன்றைக்கு நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கும் கே.ஓ.ஏ. முகாம்கள்கூட இப்படித்தான் தொடங்கின. 1962-ல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் குடும்பங்கள் வழியில் தங்குவதற்காக, மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் ஊரில் ஆற்றோரமாக ஒரு இடத்தை ஒழுங்குபடுத்தினார்கள். வெந்நீர்க் குளியலும் கழிப்பறையும் சின்னக் கடையும் இருந்தன. ஒரு ராத்திரிக்கு 1.75 டாலர்.

நமக்கு இது புதுசும் இல்லை. சபரிமலை சீசனில் நிலக்கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காட்டுக்கு நடுவே மைதானம் மைதானமாக வேன்கள். வண்டியை அங்கே விட்டுவிட்டு சாமிகள் பஸ்ஸில் பம்பைக்குப் போய் வருவார்கள். வசதி குறைவு, கூட்டம் அதிகம் என்றாலும், வண்டிக்கு ஒரு இடம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதையே கொஞ்சம் சுத்தமாக, வருஷம் முழுக்கச் செய்தால் அதுதான் பார்க்.

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. பார்க் வைக்க வேண்டுமானால் குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டியாவது நிற்க இடமும் வேண்டும் என்பது விதி. அந்த மாநிலத்தின் முதல் கேரவன் பார்க் 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் வந்தது. நமக்கு எட்டாத ஊர் இல்லை. விளாங்குடியிலிருந்து பாத்திமா கல்லூரி வழியாக ஆற்றைத் தாண்டி, காளவாசலில் தேனி ரோட்டைப் பிடித்தால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம், குமுளி. அப்புறம் வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், ஏலப்பாறை, வாகமண். ஏறத்தாழ 190 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம் என்பதால், மதுரை வெயிலில் காய்ந்தவர்களுக்கு அங்கே சாயங்காலமே ஸ்வெட்டர் தேடும். மஞ்சள் போர்டு வேனில் போகிறவர்கள் கேரள பர்மிட், வரி எல்லாம் கட்டியாயிற்றா என்று புறப்படும் முன்பே டிரைவரைக் கேட்டுவிடுங்கள். குமுளி செக்போஸ்ட்டில் கேட்டால் ரொம்ப லேட்.

நம் மலைகளில்?

தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. ஆனால், கொடைக்கானல் ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறது. 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் இருந்து வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகள் மேலே ஏறத் தடை. அங்கே போய் இன்னும் நாலு பார்க் கட்டுவதைவிட, அடிவாரத்தில் வத்தலக்குண்டு பக்கம் ஒரு தோப்பை ஒழுங்குபடுத்தி ராத்திரி அங்கே தூங்கவைத்து, காலையில் மேலே அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றும். குளிர் கொஞ்சம் குறைச்சல்தான். அம்மாவும் அத்தையும் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

அதுவரை, எந்த மலைக்குப் போனாலும் இடத்துக்காரரிடம் போனிலேயே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வேனுக்கு கரன்ட் தருவார்களா? அந்த லைன் ஏசி, ஹீட்டரைத் தாங்குமா? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, ராத்திரி பூட்டிவிடுவார்களா? அடுப்பை வண்டியிலிருந்து இறக்கித் திறந்தவெளியில் வைத்துச் சமைக்க இடம் உண்டா? காட்டுக்குள் ராத்திரி வண்டி நிறுத்துவதாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்கிறவரை நம்பிப் போகாதீர்கள்.

நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கியரில் விடுங்கள், இன்ஜினை அணையுங்கள். குளிருக்குக் கம்பளி போதும். எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். பதினைந்து பேர் விடும் மூச்சு, விடிவதற்குள் கண்ணாடியெல்லாம் தண்ணீராக வழியும். இடம் நெருக்கம் என்றால் ஆண்கள் வெளியே ஒரு டென்ட் போட்டுக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் வாகமண் பக்கம் போவதாக இருந்தால் ஒரு பொட்டலம் உப்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். புல்வெளியில் அட்டை இருக்கும்.