நீதிபதிக்குக் காவல் யாருக்காக?

உங்கள் நிலத்தை அரசு எடுக்கிறது, நீங்கள் உயர் நீதிமன்றம் போகிறீர்கள். தீர்ப்புச் சொல்பவருக்கும் அரசுதானே சம்பளம் தருகிறது, நியாயம் கிடைக்குமா என்ற சந்தேகம் இயல்பானது. ஆனால் அந்தச் சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாரும் செலவு. சட்டமன்றம் அதன்மேல் வாக்கெடுக்க முடியாது. பதவியேற்றபின் படி, ஓய்வூதிய உரிமைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் முடியாது. நீதிப்பணியில் அவர் நடந்துகொண்டது பற்றிச் சட்டமன்றத்தில் விவாதிக்க 211-வது பிரிவு தடை போடுகிறது.

பதவி நீக்கம் இன்னும் கடினம். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ நீக்கக் கோரும் தீர்மானத்தில் கையெழுத்திட வேண்டும். மூவர் குழு விசாரித்துக் குற்றம் உறுதியானால், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலானோரும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். 1993-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான பல குற்றச்சாட்டுகள் உண்மை என்று குழு சொல்லியும், ஆளும் காங்கிரஸ் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் 196 வாக்குகளோடு தீர்மானம் தோற்றது. 2024 முடிய ஒருவர்கூட இப்படி நீக்கப்பட்டதில்லை. இந்தக் காவல் தவறு செய்தவரையும் காப்பாற்றிவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

நீக்க முடியாவிட்டாலும் ஓரங்கட்ட வழியுண்டு. நெருக்கடி நிலையில், விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் வரலாமா என்ற 1976 வழக்கில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள்; எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். மறு ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவரான எம்.எச். பெய்க்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார். இன்று நியமனப் பரிந்துரை மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர்களை மத்திய அரசு எத்தனை நாளில் முடிவு செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பு கெடு வைக்கவில்லை. ஓய்வுக்குப் பின் அரசு தரும் பதவிகள் என் கணக்கில் அதைவிடப் பெரிய ஓட்டை.

சரி, நமக்கு என்ன வழி? தீர்ப்புப் பிழையென்றால் மேல்முறையீடு. நீதிபதிக்கு வழக்கில் சொந்த அக்கறை இருந்தால், வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரும் மனு. கீழமை நீதிபதியின் நடத்தை பற்றிய புகார் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்; கீழமை நீதிபதிகள் அதன் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். புகார் கொடுத்தால் அவமதிப்பு வழக்கு வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். நல்லெண்ணத்தோடு அப்படிப் புகார் தருவது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதற்கு 5-வது பிரிவு துணை நிற்கிறது. வழக்கு எண், தேதி, ஆதாரம் மூன்றையும் வைத்து எழுதுங்கள். அரசியல் கட்சிக்காரரைப் பிடித்து நீதிபதியிடம் சொல்லச் சொல்லாதீர்கள்.